பங்காளியும் சம்பந்தியும்: ஆசியான் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொள்ளும் விதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். அங்கே கடைத்தெரு அஞ்சடி நடைபாதையில் ஒரு காப்பிக்கடை. காலை ஒன்பது மணிக்கு மேல் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள். 2025 அக்டோபர் கடைசியில், கோலாலம்பூரில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் உச்சநிலை மாநாடு நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த பெரியவர் நாளிதழை மேசையில் விரித்து, ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். "பங்காளி நாடுகள்" என்று இருந்தது.

"தம்பி, பங்காளின்னா சொத்துல பங்கு உள்ளவன். சீனாவுக்கும் ஜப்பானுக்கும் இதுல என்னா பங்கு?"

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. பங்கு என்றால் என்னவென்று அவர் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற துண்டாடல் காலத்தில், 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கியவர்களின் ஊர் இது. துன் சம்பந்தனுக்கும் இதுதான் ஊர்.

அவர் கேட்டது சரியான கேள்வி. தமிழில் உறவு இரண்டு வகை. பங்காளி பிறப்பால் வருகிறவன். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவன் உண்டு. சொத்தில் பங்கும் உண்டு, சண்டையும் உண்டு, தீட்டும் உண்டு. சம்பந்தி பேசி முடித்து வருகிறவர். அவருக்கு முதல் வரிசையில் நாற்காலி, முதல் பந்தியில் இலை. ஆனால் வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயர் இருக்காது. நம் நாளிதழ்கள் இரண்டையும் 'பங்காளி' என்றே எழுதிவிடுகின்றன. பிரித்துப் பார்த்தால், ஆசியான் தன் அண்டை நாடுகளோடு உறவு கட்டும் முறை பாதி விளங்கிவிடும்.

முதலில் பங்காளிகள். 1967 ஆகஸ்டு 8ஆம் தேதி பாங்காக்கில் ஐந்து நாடுகளின் அமைச்சர்கள் கையெழுத்திட்டு ஆசியானைத் தொடங்கினார்கள். இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து. இந்த ஐவரும் ஒற்றுமையாக வாழ்ந்து, அந்தப் பாசத்தில் சங்கம் வைத்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலேசியா உருவானதையே எதிர்த்து இந்தோனேசியா 1963 முதல் 1966 வரை மோதியது. பிலிப்பைன்ஸ் மலேசியாவின் சபா மாநிலத்தைத் தனதென்றது. சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து அப்போதுதான் இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. அசல் பங்காளிச் சண்டை. ஆனால் ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரு பயம் இருந்தது: கம்யூனிசக் கிளர்ச்சி. அந்தப் பயம் என்னவென்று சுங்கை சிப்புட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த ஊர்ப் பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அது முடிய 1960 ஆனது.

பாங்காக்கில் சிங்கப்பூர் சார்பில் கையெழுத்திட்டவர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, சிரம்பான் பக்கம் வளர்ந்தவர். தந்தை ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர். ஆசியானைத் தொடங்கிய ஐவரில் ஒருவர் பால்மரத்து நிழலில் வளர்ந்த தமிழர் என்பதை நம் பள்ளிகளில் ஏனோ யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

பங்காளியாக ஒரே தகுதிதான் முக்கியம்: மனை தென்கிழக்காசியாவில் இருக்க வேண்டும். 2008 டிசம்பரில் நடப்புக்கு வந்த ஆசியான் சாசனமும் இதை எழுதியே வைத்திருக்கிறது. இந்தியா எவ்வளவு பெரிதானாலும், சீனா எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் உறுப்பினராக முடியாது. புருணை 1984, வியட்நாம் 1995, லாவோசும் மியன்மாரும் 1997, கம்போடியா 1999 என்று வீடு பெருகியது. கடைசியாக வந்தது திமோர் லெஸ்தே. 2011இல் மனுப் போட்டு, பதினான்கு ஆண்டு வாசலில் நின்று, அந்த 2025 கோலாலம்பூர் மாநாட்டில்தான் பதினோராவது உறுப்பினராக உள்ளே வந்தது. பாப்புவா நியூகினி 1976 முதல் பார்வையாளராகவே உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுச் செலவை இவர்கள் பகிர்ந்துகொள்ளும் விதமும் நமக்குப் பழகியதுதான். ஜகார்த்தாவில் இருக்கும் செயலகத்தின் செலவுக்கு சிங்கப்பூரும் லாவோசும் ஒரே அளவு தொகை கட்டுகின்றன. கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கட்டுவதுபோல. வீட்டுக்கு இவ்வளவு, வசதி பார்ப்பதில்லை. கேட்க நியாயமாக இருக்கும். ஏழை வீட்டுக்குக் கட்டுப்படியாகும் தொகைக்கு மேல் யாரிடமும் கேட்க முடியாது என்பதுதான் அதன் மறுபக்கம். செயலகம் கைகட்டி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி சம்பந்திகள். இங்கேதான் கதை தோட்டத்துக்குள் நுழைகிறது.

1970களின் தொடக்கத்தில் உலகிலேயே அதிகமாக இயற்கை ரப்பர் எடுத்த நாடு மலேசியா. இந்தோனேசியாவும் தாய்லாந்தும் அடுத்தடுத்து நின்றன. அதே நேரத்தில் ஜப்பானில் செயற்கை ரப்பர் ஆலைகள் பெருகி, அந்த ரப்பர் சந்தைக்கு வரத் தொடங்கியது. கச்சாப்பொருளை எண்ணெயிலிருந்து எடுக்கும் ஆலைக்கு மழை, வெயில், இலையுதிர்காலம் எதுவும் இல்லை. விடியுமுன் எழுந்து மரத்தில் பால் வெட்டி, கட்டிப்பாலும் ஒட்டுப்பாலும் விட்டுவிடாமல் சேர்த்து எடை போடுகிறவர்கள் அதோடு எப்படிப் போட்டி போடுவது? மலேசியா தனியாகப் போய் தோக்கியோவின் கதவைத் தட்டியிருக்கலாம். ஐந்து நாடுகளும் சேர்ந்தே போயின. ரப்பரே இல்லாத சிங்கப்பூரும் கூட நின்றது. 1973இல் இதற்கென்றே ஆசியானும் ஜப்பானும் செயற்கை ரப்பர் பற்றிய ஒரு பேச்சு மேடையை அமைத்தன. இயற்கை ரப்பர் நாடுகளைப் பாதிக்காதபடி தன் போட்டியை அடக்கி வைக்க ஜப்பான் இசைந்தது.

ஜப்பானோடு ஆசியானின் உறவு அங்கே தொடங்கியதுதான். 1974 ஜனவரியில் ஜப்பான் பிரதமர் தனாக்கா வந்தபோது பாங்காக்கிலும் ஜகார்த்தாவிலும் ஜப்பானியப் பொருள்களுக்கு எதிராகக் கலவரமே நடந்தது. உறவைச் செப்பனிட வேண்டிய தேவை தோக்கியோவுக்கும் வந்துவிட்டது. 1977இல் உறவு முறைப்படியானது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் ஃபுக்குடா மணிலாவில் பேசி, ஜப்பான் இனி ராணுவ வல்லரசாகாது, மனத்துக்கு மனம் பேசும் நட்பை நாடும் என்றார். முறைப்படி முதலில் வந்த சம்பந்தி ஆஸ்திரேலியா, 1974இல். ஆனால் கூட்டாகப் போனால் பெரியவனும் கேட்பான் என்று ஆசியானுக்குக் கற்றுக்கொடுத்தது பால்மரம்.

இன்று முழு உரையாடல் உறவு உள்ள தரப்புகள் பதினொன்று: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம், தென்கொரியா, இந்தியா, சீனா, ரஷ்யா, பிரிட்டன். 1999இல் இனிப் புதிதாக யாரும் வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள். இருபது ஆண்டுக்கும் மேல் சாத்தியே இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறி, இருந்த நாற்காலியை இழந்த பிரிட்டனுக்காக 2021இல் திறந்தார்கள். தனிக்குடித்தனம் போனவருக்குத் தனிப் பத்திரிகை வைத்த மாதிரி. ஒரு சில துறைகளில் மட்டும் பேசுவதற்கென்று சற்றுத் தள்ளிப் போட்ட நாற்காலிகளும் உண்டு. பாக்கிஸ்தான் 1993 முதல் அதில் இருக்கிறது.

சம்பந்தம் பேசி முடித்தால் தாம்பூலம் மாற்ற வேண்டும். ஆசியானின் தாம்பூலம், 1976 பிப்ரவரியில் பாலியில் கையெழுத்தான நட்புறவு ஒத்துழைப்பு ஒப்பந்தம். மற்றவர் வீட்டு விவகாரத்தில் தலையிடாமை, சச்சரவைப் பேசித் தீர்த்தல், பலப்பிரயோகம் செய்யாமை, அவ்வளவுதான் அதில். உறுப்பினர்களுக்கு என்று எழுதிய அதை 1987இல் திருத்தி, வெளியாரும் கையெழுத்திட வழி செய்தார்கள். 2003இல் சீனாவும் இந்தியாவும் ஒரே கூட்டத்தில் இட்டன. பிறகு, அதையே நுழைவுச் சீட்டாக்கினார்கள். 2005 டிசம்பரில் கோலாலம்பூரில் முதல் கிழக்காசிய உச்சநிலை மாநாடு கூடியபோது, உள்ளே வர மூன்று நிபந்தனை: முழு உரையாடல் உறவு, உருப்படியான தொடர்பு, இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து. ஆஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹோவர்டு அதைக் காலாவதியான காகிதமாகத்தான் பார்த்தார். ஆனால் மாநாட்டுக்கு வெளியே நிற்கவும் மனமில்லை. அந்த ஆண்டே ஆஸ்திரேலியா கையெழுத்திட்டது. அமெரிக்கா 2009இல் கையெழுத்திட்டு, 2011இல் ரஷ்யாவோடு சேர்ந்து உள்ளே வந்தது.

இத்தனை பெரிய நாடுகள் இந்தச் சின்ன வீட்டுக் கூடத்துக்கு ஏன் வருகின்றன? சீனா கூட்டம் கூட்டினால் ஜப்பான் சந்தேகப்படும். ஜப்பான் கூட்டினால் சீனா வராது. இந்தியா கூட்டினால் சீனா யோசிக்கும். அமெரிக்கா கூட்டினால் பாதிப் பேர் யோசிப்பார்கள். யாருக்கும் பயம் தராதவர் வீட்டில்தான் ஊர்ப் பஞ்சாயத்து கூடும். 'ஆசியான் மையத்தன்மை' என்று அறிக்கைகளில் கனமாக எழுதுகிறார்களே, அதன் அடியில் இருப்பது இதுதான். பலவீனத்தையே மூலதனமாக்கிய கெட்டிக்காரத்தனம் என்று நான் சொல்வேன். 15 நாடுகளின் ஆர்.சி.இ.பி. வாணிப ஒப்பந்தம் 2020 நவம்பரில் கையெழுத்தானதும் இந்தக் கூடத்தில்தான். உலகப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு அதற்குள் வருகிறது. சீனாவும் ஜப்பானும் தென்கொரியாவும் ஒரே வாணிப ஒப்பந்தத்தில் முதல்முறையாகச் சேர்ந்தது அதில்தான். அதற்கு ஓராண்டு முன்பே இந்தியா எழுந்து போய்விட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வழி நேர்மாறு. அது அக்கம்பக்கத்தாருக்கு நாற்காலி போடுமுன் சட்டப் புத்தகத்தை அனுப்புகிறது. 2004இல் உருவாக்கிய அண்டைநாட்டுக் கொள்கையில் மொரோக்கோவிலிருந்து உக்ரேன் வரை 16 தரப்புகள். நீதிமன்றத்தைச் சீர்செய், ஊழலைக் குறை, எங்கள் தரக்கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள். அந்த அளவுக்குச் சந்தையும் நிதியும் விசாவும் தருகிறோம் என்பது ஏற்பாடு. அதன் ஆணையத்துக்கு அப்போது தலைவராக இருந்த ரொமானோ புரோடி, நிர்வாக அமைப்புகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ளலாம் என்று 2002இல் சொன்னார். கிராணி ஐயா மொழியில், பங்காளி மாதிரி நட, பத்திரத்தில் மட்டும் பெயர் கேட்காதே. 2009இல் பிராக்கில் கிழக்கில் உள்ள ஆறு நாடுகளுக்கென்று தனித் திட்டம் தொடங்கினார்கள்.

சட்டப் புத்தகம் பலன் தராமல் இல்லை. மோல்டோவா மக்கள் 2014 முதலும், ஜார்ஜியா, உக்ரேன் மக்கள் 2017 முதலும் குறுகிய காலப் பயணத்துக்கு விசா இல்லாமல் போகலாம் என்றானது அதனால்தான். ஆனால் புத்தகத்தை எடுப்பது பக்கத்து வீட்டு ரஷ்யாவைப் பகைப்பதாகவும் ஆகிவிட்டது. 2013 செப்டம்பரில் ஆர்மீனியா ரஷ்யாவின் சுங்கக் கூட்டணிப் பக்கம் திரும்பியது. நவம்பரில் உக்ரேன் அதிபர் யனுக்கோவிச் ஒன்றியத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுக்க, மக்கள் கீவ் சதுக்கத்தில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு கிரீமியா போனது. 2022இல் ரஷ்யா முழுப் படையெடுப்பைத் தொடங்கிய நான்கு மாதத்தில், அதுவரை சம்பந்தியாகவே வைத்திருந்த உக்ரேனையும் மோல்டோவாவையும் உறுப்பினராகும் வேட்பாளர்கள் என்று ஒன்றியம் அறிவித்தது. ஆசியானுக்கு அந்த மாதிரித் தலைவலி இல்லை. எங்களிடம் வந்தால் அவனிடம் போகாதே என்று அது யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும் நிலையிலும் இல்லை.

மறுபடி தோட்டத்துக்கு வருவோம். சுங்கை சிப்புட்டைச் சுற்றிப் பால்மரம் போய், பாமாயில் தரும் செம்பனை வந்து பல காலம் ஆகிறது. குலை ஏற்றிய லாரிகள் காப்பிக்கடையைத் தாண்டி ஆலைக்குப் போகின்றன. அந்த எண்ணெய்க்கு உலகிலேயே பெரிய வாடிக்கை இந்தியா. 2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி 2010இல் நடப்புக்கு வந்த ஆசியான் – இந்தியா சரக்கு வாணிப ஒப்பந்தத்தில் செம்பனை எண்ணெய், காப்பி, தேயிலை, மிளகு ஆகியவை தனிக் கவனத்துக்குரிய பொருள்கள். கச்சா செம்பனை எண்ணெய் வரியை 80 விழுக்காட்டிலிருந்து 37.5க்கும், சுத்திகரித்ததை 90லிருந்து 45க்கும், 2019 முடிவதற்குள் படிப்படியாக இறக்குவதென்று முடிவானது. எங்களுக்கு நல்ல செய்தி, கேரளத்துக்கு இல்லை. தென்னையும் மிளகும் என்ன ஆகும் என்று அங்கே 2009 அக்டோபர் 2ஆம் தேதி மாநிலத்தின் நெடுகிலும் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். நம் தோட்டத்துக்கு இறங்கும் வரி இன்னொருவர் தோப்புக்கு ஏறும் கவலை. சம்பந்தப் பேச்சில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

உறவின் வலுவைப் பார்க்க அடுத்த வாய்ப்பு அந்த 2019இலேயே வந்தது. செப்டம்பரில் ஐ.நா. மேடையில் அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர் காஷ்மீர் விவகாரத்தில் இந்தியாவைச் சாடிப் பேசினார். இந்திய வணிகர்கள் மலேசிய எண்ணெயைத் தவிர்க்கத் தொடங்கினார்கள். 2020 ஜனவரியில், சுத்திகரித்த செம்பனை எண்ணெயை அனுமதி பெற்றுத்தான் இறக்க வேண்டும் என்று புதுடில்லி ஆணை போட்டது. ஆணையில் மலேசியா என்ற பெயர் இல்லை. ஆனால் சுத்திகரித்த எண்ணெயை அங்கே அதிகம் அனுப்பியது யார் என்று எல்லாருக்கும் தெரியும். அப்போது ஆசியான் ஏதாவது சொன்னதா? மூச்சு விடவில்லை. மலேசியா இழந்த வாணிபத்தை எடுத்துக்கொண்டது இந்தோனேசியா, சொந்தப் பங்காளி. 1973இல் ரப்பருக்காக ஐந்து பேரும் சேர்ந்து தோக்கியோவுக்குப் போன அதே வீடுதான்.

ஐரோப்பாவோடு நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செம்பனை எண்ணெயில் செய்த எரிபொருளை 2030க்குள் ஒதுக்கிவிட ஒன்றியம் திட்டமிட்டது. அடி மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் சேர்த்தே விழுந்தது. அப்போது, உறவை வியூகப் பங்காளித்துவமாக உயர்த்த ஐரோப்பா கேட்டதை 2019 ஜனவரியில் ஆசியான் ஒத்திவைத்தது. செம்பனைக்கென்று கூட்டுப் பணிக்குழு பேசி முடிவான பிறகுதான், 2020 டிசம்பரில் உயர்த்தியது. ஆக, வலி பொதுவானால் வீடு ஒன்றாக நிற்கும்; ஒருவன் வலி இன்னொருவன் லாபமானால் அவரவர் கதவு அடைபடும். காடழிப்புக்கு எதிரான 2023ஆம் ஆண்டு ஐரோப்பியச் சட்டம், 2020க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனையையும் ரப்பரையும் ஐரோப்பாவில் இறக்கத் தடையுள்ள ஏழு பொருள் பட்டியலில் வைத்திருக்கிறது. ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரரும் தன் குலை எந்த நிலத்தில் விளைந்தது என்று வரைபடத்தில் காட்ட வேண்டிவரும். எதிர்ப்பில் சட்டம் இரண்டு முறை தள்ளிப்போனது.

சீனாவும் ஆசியான் நாடுகள் சிலவும் உரிமை கொண்டாடும் தென்சீனக் கடலில் இந்த முறையின் ஓட்டை இன்னும் பெரிது. 2002 நவம்பரில் கம்போடியத் தலைநகர் நாம்பென்னில் சீனாவோடு ஒரே கூட்டத்தில் இரண்டு தாள்கள் கையெழுத்தாயின. ஒன்று வாணிபம், 2010இல் முழு ஒப்பந்தமாக நடப்புக்கு வந்தது. மற்றது கடலில் நடந்துகொள்ளும் முறை பற்றிய பிரகடனம். அதைக் கட்டுப்படுத்தும் விதியாக்கும் பேச்சு கால் நூற்றாண்டை நெருங்குகிறது. 2012இல் கம்போடியா தலைமையில் கூடிய வெளியுறவு அமைச்சர்கள், கடல் பற்றி ஒரு பத்தியில் ஒத்துப்போகாமல், 45 ஆண்டில் முதல்முறையாகக் கூட்டறிக்கையே இல்லாமல் கலைந்தார்கள். எல்லாரும் தலையாட்டினால்தான் முடிவு என்ற வழக்கத்தில், சம்பந்தி ஒரே ஒரு பங்காளியைக் கையில் போட்டுக்கொண்டால் போதும்.

இவ்வளவையும் நான் கிராணி ஐயாவிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. இரண்டு தே தாரிக் ஆனது. கேட்டுவிட்டு, அடுத்த மேசையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த இளைஞனைக் கண்ணால் காட்டினார். இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து செம்பனைத் தோட்ட வேலைக்கு வந்தவன். "அப்ப இவன் பங்காளி வீட்டுப் பையன்தானே?"

உறவுமுறைப்படி ஆமாம். இந்தோனேசியா முதல் நாளிலிருந்து பங்காளி. ஆனால் ஆசியானுக்குள் தகுதியை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு எட்டுத் தொழில்களுக்குத்தான்: பொறியாளர், தாதியர், கட்டடக் கலைஞர், நில அளவையாளர், கணக்காளர், மருத்துவர், பல் மருத்துவர், சுற்றுலாத் துறையினர். குலை வெட்டுகிறவர் அந்தப் பட்டியலில் இல்லை. குடிபெயர்ந்த தொழிலாளர் உரிமை பற்றி 2017இல் மணிலாவில் தலைவர்கள் கையெழுத்திட்ட இணக்கம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. ஆள் வருவது இரண்டு அரசாங்கங்களும் தனியாகப் பேசிக்கொள்ளும் ஏற்பாட்டில். 2022 ஜூலையில் வீட்டுப் பணியாளர் விவகாரத்தில் இந்தோனேசியா கோபித்துக்கொண்டு ஆள் அனுப்புவதைச் சில வாரம் நிறுத்தியபோது, குலை பழுத்து உதிர்ந்து கிடக்க, வெட்ட ஆள் இல்லாமல் தோட்டங்கள் தவித்தன.

அந்த இளைஞன் காசு கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். அவன் வெட்டும் குலையின் எண்ணெய் எந்தத் துறைமுகத்தில் என்ன வரிக்கு இறங்கும் என்பது ஒப்பந்தத்தில் விழுக்காட்டோடு எழுதியிருக்கிறது. அவனுடைய பெர்மிட்டில் முதலாளியின் பெயர் மட்டும் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் கூடக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தாலும் அவன் நினைத்தபடி மாறிப் போக முடியாது.